கடலுக்குப் போகாத நாளின் மீன்பாடு

முல்லைத்தீவு,
15.05.2025

அன்பு மகள் ஜெயரூபினிக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் காவலில் நானும் அப்பாவும் தம்பியும் இங்கே சுகமாய் இருக்கிறோம், அங்கே பிரான்சில் நீயும் மருமகனும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போன் எடுத்தால் தம்பி கொலின்ஸ் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்துவிடுவான், நீயும் பாதியில் வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிடுவாய். எழுதினால் முழுவதையும் வாசித்துத்தான் ஆகவேண்டும். தபாலில் போட்டால் வந்துசேர நாளாகும், அதனால் நானே படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், ஓரத்தில் என் விரல் தெரிந்தால் சிரிக்காதே. அப்பா கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு கடலுக்குப் போவதில்லை, கரையில் இருந்து கிழிந்த வலை பொத்துகிறார், கண்ணாடி போடச் சொன்னால் கோபம் வருகிறது. இங்கே வெயில் எரிக்கிறது, கிணறு பாதிக்கு இறங்கிவிட்டது.

தம்பி வென்றது உனக்குத் தெரியும். நாற்பத்தொரு வாக்குத்தான் வித்தியாசம், ஆனாலும் ஓட்டோ ஓடுகிற பிள்ளை பிரதேச சபைக்குப் போகிறான் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் பிரசாரம் நடந்த நாளில் இருந்தே ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. இரவில் வெளிச்சம் பாய்ச்சிக் குஞ்சுமீன் வரை அள்ளுகிறவர்களுக்கு எதிராக இரண்டு வருடமாகக் கத்தியவன் அவன், மனு எழுதிக் கையெழுத்து வாங்கியவன், அதற்காகவே தேர்தலுக்கு நின்றவன். அப்படிப்பட்டவன் கடைசிக் கூட்டத்தில் யாரோ அதைப் பற்றிக் கேட்க, சங்கத்தோடு கதைத்து முடிவெடுப்போம் என்று மழுப்பிவிட்டு இறங்கிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் ஏன் என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மா, எங்கட மீனவர் சங்கத்து ஆக்கள் தங்கட ஒருநாள் மீன்பாட்டை, பிடிச்ச மீன் முழுசையும் வித்து எனக்குத் தந்தவங்கள். நோட்டீஸ், ஸ்பீக்கர், எல்லாம் அந்தக் காசுதான். அவங்களுக்குப் பிடிக்காததை நான் என்னெண்டு கதைக்கிறது?" என்றான். சங்கத்துச் செயலாளர் சதீஸ், காசு தந்ததை வெளியில் சொல்ல வேண்டாம், சொன்னால் மற்றக் கட்சிக்காரர் சங்கத்தை உடைத்துவிடுவார்கள் என்றானாம். அந்த வெளிச்ச வள்ளங்களில் மூன்று சதீஸின் மச்சானுடையவை என்பது உனக்கும் தெரியும்.

எனக்கு விடுப்புக் கூட, ஊர்ப் புதினம் கேட்காமல் இருக்க மாட்டேன் என்று அப்பா எப்போதும் பகிடி பண்ணுவார். இருக்கட்டும். போன கிழமை தம்பி செலவுப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தான். யார் யார் காசு தந்தது என்று தேர்தல் முடிந்து இருபத்தொரு நாளுக்குள் எழுதிக் கையொப்பம் வைத்துக் கச்சேரியில் உள்ள தேர்தல் அலுவலகத்தில் கொடுக்க வேண்டுமாம். அதோடு சங்கம் கொடுத்த பற்றுச்சீட்டு ஒன்றும் இருந்தது: சித்திரை பத்தாம் திகதி, உறுப்பினர்களின் ஒருநாள் மீன்பாடு, ஒரு இலட்சத்து எண்பதாயிரம். சரி, இத்தனை பேர் வயிற்றைக் கட்டித் தந்திருக்கிறார்கள், ஒரு நன்றியாவது சொல்ல வேண்டாமா என்று கேக் வெட்டிக் கொண்டு முதலில் பக்கத்து வீட்டு ஸ்ரெல்லாவிடம் போனேன், அவளுடைய மனிசனும் சங்கத்தில்தானே. அவள் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "என்ன மாமி கதைக்கிறியள்? அண்டைக்கு மரியநேசன் மாமாவின்ர செத்தவீடு. ஒரு வள்ளமும் கடலுக்கு இறங்கேல்லையே" என்றாள். எனக்கு அப்போதுதான் தலையில் ஏறியது. செத்தவீட்டுக்கு முழுக் கரையும் தொழில் நிறுத்தியது, வள்ளங்களில் கறுப்புக்கொடி கட்டியிருந்தது, நானே அங்கே நின்று தேத்தண்ணி ஊற்றினேன். தம்பி தொகையைப் பார்த்தான், திகதியைப் பார்க்கவில்லை. இன்னும் நான்கு வீட்டில் பேச்சோடு பேச்சாய்க் கேட்டுப் பார்த்தேன், ஒருவரும் ஒரு சதம் கொடுக்கவில்லை.

அப்படியானால் இது யாருடைய காசு என்று எனக்கு நித்திரை வரவில்லை. சதீஸின் மச்சானின் வெளிச்ச வள்ளக் காசாக இருந்தால் என் பிள்ளை விலைபோய்விட்டான் என்று பயந்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம் சங்கக் கட்டடத்துக்கே நடந்துபோய்ச் சதீஸைப் பிடித்தேன். அவன் முதலில் சிரித்தான், பிறகு எனக்கு ஒரு கதிரை போட்டுவிட்டு, "அக்கா, காசு வந்தது நல்ல இடத்தில இருந்துதான். நீங்கள் அந்த முழங்காலோட வெயிலுக்கை திரியாமல் முதல்ல அந்த ஊசியைப் போடுங்கோ" என்றான். ஜெயரூபினி, முழங்காலுக்கு ஊசி போட வேண்டும் என்று டொக்டர் சொன்னதை நான் அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் சொன்னேன். அப்படியானால் நீ அவனோடு கதைத்திருக்கிறாய். மகள் எப்போது காசு அனுப்பினாள் என்று நேரே கேட்டேன். அவன் யோசிக்காமல் பத்தாம் திகதி என்று சொல்லிவிட்டு, பிறகுதான் வாயை மூடினான்.

உன்னில் எனக்குக் கோபம் இல்லை, வரும் வழியில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வந்தேன். நீ தருகிறாய் என்று தெரிந்தால் தம்பி வாங்கியிருக்க மாட்டான், ஹோட்டல் அறை துடைத்து அக்கா உழைக்கிற காசு என்று சொல்லியிருப்பான், அதற்காகத்தான் சதீஸின் கையில் கொடுத்து மறைத்தாய். உயிர்த்த ஞாயிறுக்கு லீவு கிடைக்கவில்லை என்று நீ வராமல் நின்றதும் டிக்கெட் காசை இதற்குக் கொடுத்ததால்தானா என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் நடந்ததைப் பார். உன் காசுக்குச் சங்கத்தின் பெயரைப் போட்டு, ஒரு சதமும் கொடுக்காமல் சதீஸ் உன் தம்பியின் வாயைப் பூட்டிவிட்டான். இனி நாலு வருடமும் அவன் அந்தப் பொய் நன்றியோடு தலையைக் குனிந்துகொண்டுதான் சபையில் இருப்பான். அதைவிட, வருகிற செவ்வாய்க்கிழமை அந்தப் பொய்யை உண்மை என்று எழுதிக் கையொப்பமும் வைக்கப் போகிறான். நான் சொன்னால் அம்மாவின் விடுப்பு என்று தட்டிவிடுவான். நீ சொன்னால் நம்புவான். இரண்டு நாள் உன்னோடு கதைக்க மாட்டான், மூன்றாம் நாள் எடுப்பான், சின்ன வயதிலும் அப்படித்தானே.

பேத்திக்கு என் முத்தம், குளிருக்குத் தலையை மூடி அனுப்பு, மருமகனையும் கேட்டதாகச் சொல். வேளாங்கண்ணி மாதா உன் கைகளுக்குப் பெலன் தரட்டும், நீ செய்கிற நன்மை எல்லாம் வெளிச்சத்தில் நின்று செய்கிற நன்மையாக இருக்கட்டும். சனிக்கிழமை உனக்கு வேலை இல்லை, அன்றைக்கு அவனுக்கு எடு. மறந்துவிடாதே, ஏனென்றால் அந்தப் படிவத்தை நான் எடுத்து அலுமாரியில் உன் கலியாணச் சேலைக்குக் கீழே வைத்திருக்கிறேன். இரண்டு நாளாகக் குசினியில் சட்டிபானை வரைக்கும் தூக்கித் தேடுகிறான், அப்பாவோடும் சண்டை. நீ சொல்லி முடித்துவிட்டாய் என்று அவன் முகத்தில் தெரிந்த பிறகுதான் எடுத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
புனிதம்