திருப்பிப் போடாத தலையணை உறை

பாரிஸ்,
ஏப்ரல் 6, 1879

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய பேரிக்காய் ஜாம் உடையாமல் வந்து சேர்ந்தது. கடையில் எல்லோருமாகச் சேர்ந்து இரண்டே நாளில் வழித்துத் தின்றுவிட்டோம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஈஸ்டர் நெருங்குவதால் ஊரிலுள்ள சட்டையெல்லாம் எங்கள் மேசைக்கு வந்துவிட்டது. மற்றபடி நான் சௌக்கியம். வேலை லேசுதான்.

ஒரு செய்தி. வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் பெர்வால் என்ற ஓவியர் எங்கள் இஸ்திரிக் கடைக்கு வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தார். முதலாளியம்மா மதாம் கோத்தாருக்குப் பெருமை தாங்கவில்லை. "யாரை வேணும்னாலும் வரைஞ்சுக்குங்க, வேலை மட்டும் நிக்கக் கூடாது" என்றாள். அவர் என்னை வரைந்தார். இருப்பதிலேயே வயதானவள் நான். ஏன் நான் என்று கேட்டேன். "சின்னப் பொண்ணுங்க நான் பாக்கறேன்னு சிரிக்கறாங்க. நீங்க என்னை மறந்துடறீங்க" என்றார்.

வியாழக்கிழமை முதல் அந்தப் படம் கண்காட்சியில் தொங்கப்போகிறது. பயப்படாதே, கழுத்துவரை மூடித்தான் இருக்கிறேன். முழங்கைக்குக் கீழே மட்டும் திறந்திருக்கிறது. அடுப்படியில் வேறு எப்படி நிற்பது?

உன் தங்கை,
சிதோனி


வெர்னோன்,
ஏப்ரல் 9, 1879

அன்புத் தங்கை சிதோனிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறையும் அதுவே எழுதியிருந்தது.

முப்பத்து நான்கு வருடம் இந்த ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். ஒரு உதாரணம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒருத்தி பக்கம் முழுக்க முத்து முத்தாக எழுதியிருப்பாள். ஓரத்தில் ஒரு சொட்டு மை சிந்தியிருக்கும். பார்க்கிறவர்கள் கண் அந்தச் சொட்டில்தான் போய் நிற்கும். ஓவியருக்கு நின்றவள் என்ற பேச்சும் அப்படித்தான். நீ முழங்கைவரை என்று சொல்வாய். கேட்கிறவர்கள் மீதியைத் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள்.

இங்கே கிழக்குப் பக்கத்து அறை மூன்று வருடமாகக் காலியாகக் கிடக்கிறது. கூப்பிடும்போதெல்லாம் வேலை லேசு, எதற்கு வரவேண்டும் என்கிறாய். லேசான வேலையில் பொழுது போகாமல்தான் படத்துக்கு நின்றாயோ? நான் அதை வந்து பார்க்கப்போவதில்லை.

உன் அக்கா,
உர்சூல்


பாரிஸ்,
ஏப்ரல் 22, 1879

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பயந்தபடியே ஆகிவிட்டது. ஆனால் நீ நினைத்த வழியில் இல்லை.

படத்தில் நான் ஒரு தலையணை உறையைத் தேய்க்கிறேன். அதன் மூலையில் வீட்டுக்காரியின் முதலெழுத்துகள் சிவப்பு நூலில் பின்னியிருக்கின்றன. எங்கள் தொழிலில் அந்த மூலையைத் தடித்த கம்பளித் துணிமேல் குப்புறப் போட்டுத்தான் தேய்ப்போம். அப்போதுதான் நூல் எழும்பி நிற்கும். மேலாகத் தேய்த்தால் சப்பென்று அமுங்கிப்போகும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவள்கூட அப்படிச் செய்யமாட்டாள். ஓவியர்தான், "எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு, அந்தச் சிவப்பு கொஞ்சம் தெரியட்டுமே" என்றார். நானும் எழுத்து மேலே தெரியும்படி வைத்தேன். பிறகு மறந்தே போனேன்.

அது நோட்டரியின் மனைவி மதாம் ரூபியேயின் உறை. அவள் கண்காட்சிக்குப் போயிருக்கிறாள். நேற்றுக் கடைக்குள் வந்து நின்றாள்.

"என் படுக்கைத் துணிய ஊரே வேடிக்கை பாக்குது. அதுவும் எழுத்த மேல வெச்சு நசுக்கறா இவ."

"எங்க கடையில அப்படித் தேய்க்கவே மாட்டோம், மதாம்" என்றாள் முதலாளியம்மா.

"படத்துல தேய்க்கறாளே, அது யார் கடை?"

பின்னால் எங்கள் பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அது இன்னும் வினையாகிவிட்டது. அந்த அம்மாள் போனதும் முதலாளியம்மா என்னிடம், "மேலாப்புல தேய்க்கற கடைன்னு பேர் வந்தா எவ துணி போடுவா? சனிக்கிழமைக்குள்ள அந்தச் சிவப்ப அழிக்கச் சொல்லு. இல்லேன்னா திங்கட்கிழமை வராதடி" என்றாள். பதினெட்டு வருடமாக நான் நிற்கும் மேசை, அக்கா.

ஓவியரிடம் போய்ச் சொன்னேன். "அந்தச் சிவப்பு போனா வெள்ளை எல்லாம் செத்துடும்" என்றார். பிறகு, "ஆனா இது உங்க பொழப்பு. அழின்னு சொல்லுங்க, அழிச்சுடறேன்" என்றார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. படம் நன்றாகத்தான் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து இதைச் செய், அதைச் செய் என்று எனக்குச் சொன்னவள் நீ. இப்போதும் சொல்.

உன் தங்கை,
சிதோனி


வெர்னோன்,
ஏப்ரல் 25, 1879

என் சிதோனிக்கு,

நேற்று நான் பாரிஸ் வந்திருந்தேன். உனக்குச் சொல்லவில்லை. பார்க்காமலே தீர்ப்பு எழுதியவள், பார்த்துவிட்டாவது ஒரு முறை எழுதலாமே என்றுதான் வந்தேன்.

கிட்டப் போய்ப் பார்த்தால் படத்தில் ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் எச்சில் தொட்டு அழித்த சிலேட்டுப் போல வெள்ளையும் நீலமும் ஈஷிக் கிடக்கிறது. பக்கத்தில் நின்ற ஒருவர் மனைவியிடம், "துணி மூட்டையப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? வீட்டுலயே கெடக்கே" என்றார். "வீட்டுல நீங்க எங்க பாக்கறீங்க" என்றாள் அவள். நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து யாரோ ஒரு அம்மாளின் காலை மிதித்தேன். அப்போதுதான் நீ தெரிந்தாய்.

முதலில் அந்தச் சிவப்பு. அங்கிருந்து கண் தானாக உன் கைக்குப் போகிறது. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. முன்கையில் மூன்று சூட்டுத் தழும்பு. இடது கையை மேசையில் ஊன்றி உடம்பைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாய். மூன்று வருடமாக நீ எழுதிய ஒரு கடிதத்திலும் இந்தக் கை இல்லை. அதே கையால்தானே எழுதினாய்?

மூடும் மணி அடிக்கும்வரை நின்றேன். உன் கடைக்கு வர வெட்கமாக இருந்தது. ரயிலேறிவிட்டேன்.

என்ன செய்வதென்று கேட்டிருந்தாய். இதை நான் சொல்லக் கூடாது. அந்தச் சிவப்பு இருக்கலாமா, கூடாதா என்று சொல்ல வேண்டியவள் நீ. முன்பு எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. அறை இருக்கிறது என்பதை மட்டும் மறுபடி சொல்கிறேன். அது உத்தரவு இல்லை.

உன் அக்கா,
உர்சூல்


பாரிஸ்,
ஏப்ரல் 27, 1879

அக்கா,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. மத்தியானம் ஓவியரிடம் போய், "இருக்கட்டும், அழிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் மதாம் கோத்தார் என் கணக்கைத் தீர்த்துக் கையில் கொடுத்து, "பிடிவாதக்காரி, நல்லா இரு" என்றாள். பிறகு எல்லோருக்கும் காப்பி போட்டாள். என்னுடையதில் மட்டும் சர்க்கரை அதிகம்.

இன்று போய் அந்தப் படத்தை நானும் ஒரு முறை தள்ளி நின்று பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணி ரயிலில் வருகிறேன். எப்போதைக்குமாகவா என்று இப்போது கேட்காதே, இருந்து பார்க்கிறேன். ஒரே ஒரு பெட்டிதான், பெரியதும் இல்லை. ஆனாலும் ஸ்டேஷனுக்கு வந்துவிடு. அதை என்னால் தூக்க முடியாது. போன குளிர்காலத்திலிருந்தே முடிவதில்லை.

சிதோனி