அந்தோணியின் டிராம்போன்

1951 மார்ச் 12, திங்கள்

நெஞ்சு நோயிலிருந்து தேறி வந்த அந்தோணி, இன்று மாதா கோயில் பேண்டு ஒத்திகையில் தன் பழைய டிராம்போனை ஊதினான். பாதிச் சத்தம் காற்றாகப் போனது.

"என் மூச்சு பூட்ச்சி மாமு. இனிமே இத்த நீயே வச்சிக்கோ" என்று என் கையில் கொடுத்துவிட்டு அழுதான்.

அவன் மூச்சில் குறையில்லை. போன வாரம் டிராம்போனைச் சுத்தம் செய்ய என்னிடம்தான் தந்திருந்தான். இழுக்கும் குழாய்க்குள் இருக்கும் உள்குழாயின் நுனி கொஞ்சம் தடித்திருந்தது. காற்று கசியாமல் இருக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தெரியாமல், பழுதென்று நினைத்து அரத்தால் ராவிவிட்டேன்.

துறைமுகத்தில் பத்து வருட ஃபிட்டர் நான். எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

"ஒடம்பு தேறட்டும், அப்பால ஊதலாம்" என்றேன். நம்பிவிட்டான்.

விடிந்ததும் போய்ச் சொல்லிவிட வேண்டும். கதவைத் திறக்கும்போது அவன் இருமாமல் இருந்தால் போதும்; இருமினால் மறுபடி நோயின் மேலேயே பழி போட்டுவிடுவேன்.