மேல்தட்டில் உன் சித்தி

அன்புக் கட்டெறும்புக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. நானும் உன் சித்தியும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் வேண்டும், வேறு வழி ஏது, மூன்று வாரமாக நீ போனையே எடுக்கவில்லையே. நான் நூறு வரி எழுதி அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. ஏழு வயதில் உன்னை இந்த வீட்டுக்குத் தூக்கி வந்தபோது வாசலில் ஆரம்பித்த பேச்சை நீ கல்லூரிக்குப் போகும்போதுதான் நிறுத்தினாய், அந்த வாய் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது பார்.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. உன் சித்தப்பன் ஒரு பொத்தானை அழுத்தினால் கடல் பொங்குகிறது, இன்னொன்றை அழுத்தினால் அடங்குகிறது, ஆனால் வீட்டுக் குழாய் மட்டும் என் சொல்லுக்கு அடங்குவதில்லை, சித்தி இதை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி மகிழ்கிறாள். நீ வரைந்த கப்பலின் முதல் பயணத்தில் தனக்கு ஒரு இடம் உண்டு என்று நீ வாக்குக் கொடுத்தாயாமே, அதற்காக நீல நிறத்தில் ஒரு பெட்டி வாங்கிக் கூடத்தின் நடுவில் வைத்திருக்கிறாள், நான் தினமும் அதில் தடுக்கி விழுகிறேன். எடுத்து ஓரமாக வை என்றால், கப்பல் கிளம்பும்போதுதான் எடுப்பேன் என்கிறாள். இனி அந்தக் கப்பலுக்கு வருகிறேன், என் வயிற்றெரிச்சலும் அங்கேதான்.

உன் கப்பலின் மாதிரி, அலையில் தாங்குமா என்று சோதிக்க எங்கள் ஆய்வுக்கூடத்து அலைத்தொட்டிக்கு வந்தது போன திங்கட்கிழமை. இரண்டு மீட்டர் நீளம், வெள்ளையும் சிவப்பும், பெட்டியைப் பிரித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, மரத்தூள் என்று எல்லோரிடமும் சொன்னேன். இது என் வீட்டுப் பெண் வரைந்தது என்று மேலாளரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர், அப்ப நீங்க அலையை மட்டும் கிளப்புங்க, அளவு பாக்குற பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது என்றார். சரிதான், நியாயம். ஆனால் இந்தச் சமுத்திரராஜனுக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு மரத்துண்டைச் செதுக்கி, சுண்டுவிரல் அளவுக்கு உன் சித்தியைச் செய்தேன், கைப்பை, மூக்குக் கண்ணாடி, இடுப்பில் கை, எல்லாம் உண்டு. யாரும் பார்க்காத நேரத்தில் மேல்தட்டில் ஒட்டி வைத்தேன். முதல் பயணம் அவளுடையதாக இருக்கட்டுமே என்ற ஆசைதான்.

புதன்கிழமை காலை சோதனை. கப்பலைக் குறுக்கே நிறுத்தி, பக்கவாட்டில் அலை மோத வேண்டும் என்று சோதனைத் தாளில் நீதான் எழுதியிருக்கிறாய், பன்னிரண்டு சென்டிமீட்டர் அலை, நிஜக் கடலில் மூன்றரை மீட்டருக்கு மேல். நான் பொத்தானை அழுத்தினேன். தண்ணீரைத் தள்ளும் அலைப்பலகைகள் அசைந்தன. உன் கப்பல் நாலு அலைக்கு மகாராணி மாதிரி ஏறி இறங்கியது, ஐந்தாவதுக்குச் சாய்ந்தது, சாய்ந்தபடியே கொஞ்சம் யோசித்தது, ஆறாவதுக்கு அப்படியே படுத்துக்கொண்டது. அடிப்பாகம் மேலே. நான் வலையோடு ஓடி உன் சித்தியைத் தண்ணீரிலிருந்து எடுத்தேன்.

வலையில் பொம்மையைப் பார்த்ததும் மேலாளர் போட்ட சத்தத்தில் அலைகூட ஒரு நிமிடம் நின்றிருக்கும். நியாயத்துக்கு அவரும் கணக்குத் தெரிந்தவர். முப்பதில் ஒரு பங்கு கப்பலய்யா இது, பத்து கிராம் பொம்மை நிஜத்துல எவ்வளவு தெரியுமா, இருநூத்தி எழுபது கிலோ, உங்க சம்சாரம் அவ்வளவா என்றார். இல்லீங்க, கோபம் வந்தா மட்டும்தான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பொம்மையை ஓரம் கட்டி, கப்பலுக்குள் பாரத்துக்கு வைத்த ஈயக்கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்து, நனைந்த இடத்தைத் துடைத்து, மறுபடி மிதக்கவிட்டோம். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் தொட்டி அடங்க இருபது நிமிடம் விட வேண்டும், தண்ணி மறக்கணும் என்று சொல்வோம். அன்றைக்கு நான் நாற்பது நிமிடம் விட்டேன். பழைய அலை மிச்சம் இருந்தது, அதனால்தான் விழுந்தது என்று எவனும் பேசக் கூடாது என்பதற்காக. தொட்டி கண்ணாடி மாதிரி ஆயிற்று. பொம்மை என் சட்டைப்பையில். பொத்தானை அழுத்தினேன். ஏழாவது அலையில் கவிழ்ந்தது. மதியம் மூன்றாம் தடவை. அதே ஏழு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, கவிழ்த்தது பொம்மை இல்லை, மேல்தட்டின் பாரம். ஆறு மாதத்துக்கு முன் நீ போனில் சொன்னாய், கப்பல் முதலாளி வெயில் காய மேலே இன்னொரு தட்டு கேக்குறார் சித்தப்பா, கொஞ்சம் பாரம் ஏறும், சமாளிச்சிடலாம் என்று. நான் என்ன சொன்னேன்? போட்டுக் கொடும்மா, உன் சித்தி உக்கார்ந்து ஊரை அதிகாரம் பண்ண ஒரு இடம் வேணுமே என்றேன். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். உன்னைத் திட்டத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன், இந்த இடத்துக்கு வந்ததும் பாதித் திட்டு என் பக்கம் திரும்பிவிட்டது. மீதிப் பாதி உனக்குத்தான், படித்தவள் நீயா நானா?

இத்தோடு முடிந்திருந்தால் அறிக்கை வரும், நீ படிப்பாய், திருத்துவாய், நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். நேற்று கப்பல் முதலாளியின் ஆள் வந்தான். பளபளவென்று செருப்பு, ஈரத் தரையில் பூனை மாதிரி கால் வைத்தான். கப்பல்ல குறை இல்ல சார், அலைதான் ஜாஸ்தி, பன்னிரண்டை எட்டாக்குங்க, இந்தப் பக்கம் அவ்வளவு பெரிய அலை பத்து வருஷத்துக்கு ஒருதரம்தான் வரும் என்றான். அந்த ஒருதரம் எந்தக் கிழமைன்னு சொல்லிடுங்க, அன்னிக்குக் கப்பலுக்கு லீவு விட்டுடலாம் என்றேன். மேலாளர் என் காலை மிதித்தார், ஆனால் மெதுவாகத்தான் மிதித்தார். பிறகு அவனிடம், அலையோட அளவை எழுதினது கப்பலை வரைஞ்சவங்க, அவங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா எட்டு, இல்லன்னா பன்னிரண்டுதான் என்று சொல்லிவிட்டார். அந்தத் தாள் வரும் வாரம் உன் மேசைக்கு வரும். எட்டு சென்டிமீட்டர் அலையில் உன் கப்பல் தொட்டில் மாதிரி ஆடும், ஒரு சொட்டுகூட உள்ளே வராது, அறிக்கையில் எல்லாம் சரி என்று வரும். பிறகு நானூறு பேர் ஏறுவார்கள்.

அவர்கள் உன்னை எப்படியெல்லாம் நெருக்குவார்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்று வாரமாக நீ போன் எடுக்காததற்கு அதுதான் காரணமோ என்று இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. அப்படியானால் அதைச் சொல்லக் கூடாதா? உலகத்தின் எல்லா அலைகளையும் கையில் வைத்திருக்கும் ஒருத்தன் உனக்குச் சித்தப்பனாக இருந்து என்னம்மா பிரயோஜனம்? வேலை போனால் போகட்டும், இங்கே உன் அறை அப்படியே இருக்கிறது, குழாயைப் பழுது பார்க்கவும் ஆள் தேவைப்படுகிறது.

சித்தியிடம் மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை, ஈரச் சட்டையைத் துவைக்க எடுத்தவள் பைக்குள் தன்னையே கண்டுபிடித்துவிட்டாள். நான் சொன்னது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான் இல்லாமலேயே ரெண்டு தடவை கவுந்துச்சா என்று மட்டும் திருப்பிக் கேட்டாள். பிறகு நீலப் பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்தாள். அவ அந்தத் தட்டை எடுக்கட்டும், அப்புறம் நான் இதை இறக்குறேன் என்றாள். கூடம் இப்போது காலியாக இருக்கிறது, நடக்க வசதிதான், எனக்குத்தான் நடக்கப் பிடிக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, திட்டும் உண்டு. இந்த உறையில் பஞ்சு சுற்றி உன் சித்தியை அனுப்பியிருக்கிறேன், இடது பக்கம் சாயம் போயிருக்கும், அது தொட்டித் தண்ணீர். அந்தத் தாள் வந்ததும், கையெழுத்துப் போடச் சொல்லும் கோட்டின் மேல் அவளை நிற்க வை. அவளை நகர்த்திவிட்டுப் போட முடிந்தால் போடு.

இப்படிக்கு,
அலைகளுக்கு அதிபதி, குழாய்க்கு அடிமை,
உன் சித்தப்பா