நண்பனுக்கு எழுதிய தீர்ப்பு

லெவுக்கா, ஃபிஜித் தீவுகள்
ஆகஸ்டு 1879

அன்பு மனைவி ஹானோராவுக்கு,

உன் நலமும் மகள் வினிபிரெட்டின் நலமும் ஆண்டவர் காக்க. எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கூரை இன்னும் ஒழுகுகிறது.

என் கவிதைகளைக் காதுகொடுத்துக் கேட்கும் ஒரே ஆள் என்று ரூபர்ட் கெய்லைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? ஞாயிறுதோறும் தன் தென்னந்தோட்டத்திலிருந்து படகில் வந்து என்னோடு சாப்பிடுவான். “யோவ், மூணாவது அடி நொண்டுதுய்யா” என்று சிரிப்பான். பார்த்தால் நொண்டத்தான் செய்யும்.

அவன்மேல் கொலை வழக்கு வந்தது. ஓடிப்போகப் பார்த்த தாபி என்ற கூலியாளைக் கொப்பரைக் கொட்டகைத் தூணில் கட்டி அடித்திருக்கிறான். தாபி பிழைக்கவில்லை. வேறு யாராவது விசாரிக்கட்டும் என்று கெஞ்சிப் பார்த்தேன். இப்போதைக்கு இங்கே நீதிபதி நான் ஒருவன்தான்.

தாபியின் அண்ணன் சாட்சி சொன்னான். “அடி தாங்காம எங்க பாஷையில அம்மா அம்மான்னுதான் கத்தினான். அந்தச் சொல்லு கூடவா துரைக்குப் புரியல?” என்று ரூபர்ட்டைப் பார்த்தே கேட்டான். ரூபர்ட் தலையைக் குனிந்துகொண்டான்.

கொல்லும் நோக்கம் நிரூபணமாகவில்லை. ஆனாலும் ஒரு மனிதன் செத்திருக்கிறான். ஏழாண்டுக் கடுங்காவல் என்று வாசித்தேன். ரூபர்ட் என்னை நிமிர்ந்து பார்த்து, “சரி, இனிமே உன் பாட்டை யாருகிட்டய்யா படிப்ப?” என்றான். கேலியாகச் சொல்லவில்லை, ஹானோரா. எனக்காக வருத்தப்பட்டுத்தான் கேட்டான்.

அதன்பிறகு இங்கே வெள்ளைக்காரர் யாரும் என்னோடு பேசுவதில்லை. கோயிலில் என் வரிசையில் எவரும் உட்காருவதில்லை. ரூபர்ட்டின் மனைவி கடற்கரைத் தெருவில் என்னை மறித்து, “நீங்களும் நம்மாளுதானே? ஒரு கூலிக்காரனுக்காகவா இப்படிப் பண்ணீங்க?” என்று அழுதாள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். சமையல்காரி மக்கெரெட்டா, “இந்த ஞாயித்துக்கிழமையாச்சும் யாராவது வருவாங்களா துரை? ரெண்டு தட்டு வைக்கட்டா?” என்று கேட்டாள். ஒன்று போதும் என்றேன்.

சிறைக்கும் போனேன். “தலைவலின்னு சொல்லி அனுப்பிடு” என்று ரூபர்ட் காவலரிடம் சொல்லிவிட்டான். கதவுக்கு அந்தப்புறம் அவன் குரல் எனக்கு நன்றாகவே கேட்டது.

டப்ளினில் வழக்கே வராத வக்கீலாக உட்கார்ந்திருந்த காலத்தில்கூட எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது ஓர் அடியும் வரவில்லை.

ஆகையால் உன் பயணத்தைத் தள்ளிப்போடு. இங்கே உன்னை ஒரு வீட்டிலும் அழைக்க மாட்டார்கள். மகளோடு விளையாடத் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன், வர வேண்டாம்.

ஆனால் இந்தக் கடிதம் உன் கைக்கு வர மாதக்கணக்காகும். அதற்குள் நீ கப்பலேறிவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? உன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். சிட்னி வழியாகக் கப்பல் வரும்போதெல்லாம் எதற்கும் துறைக்குப் போய் நின்று பார்க்கிறேன்.

குழந்தைக்கு என் ஆசிகள்.

உன் கணவன்,
அம்புரோஸ் டெவரெல்