பன்னிரண்டாம் கட்டத்துச் சிவப்பு

மார்ச் 4, செவ்வாய்

புதுப் படங்கள் வந்துவிட்டன. ஒரு துளி மேகம் இல்லை. மேகமில்லாத வானத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஒரே கூட்டம் இந்த ஊரில் நாங்கள்தான். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள்.

பெரிய மேடம் காலையிலேயே எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "வார்டுக்கு ஒரே ஒரு போர்வெல்தான் இந்த வருஷம். தப்பான எடத்துல போட்டுட்டா, அடுத்த வருஷம் வரைக்கும் அந்த வார்டு லாரித் தண்ணியை நம்பித்தான் கெடக்கணும். பாத்துச் செய்யுங்க."

ஊரைக் கட்டங்களாகப் பிரித்து, பாதி எனக்கு, பாதி ஸ்கேலுக்கு. (பாறை படித்தவர். கம்ப்யூட்டர் திரையின் மேலேயே அடிஸ்கேலை வைத்துக் கோடு தேடுவதால் அந்தப் பெயர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.) பன்னிரண்டாம் கட்டம் என் பங்கில் வந்தது. அதை அவர் தலையில் கட்டிவிட்டு, அவருடைய ஏழாம் கட்டத்தை வாங்கிக்கொண்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். அதுதான் கஷ்டமே.

பன்னிரண்டில்தான் மயானம் இருக்கிறது. பாப்பா அங்கே. மூன்று வருஷமாகிறது. அன்றைக்குப் போனதோடு சரி. திரையில்கூட அந்தப் பக்கம் போனதில்லை நான்.

மார்ச் 7

போன்கார அம்மா இன்றும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். முகம் தெரியாது, குரல் மட்டும் பழக்கம். அந்தப் பன்னிரண்டாம் கட்டத்து வார்டுதான் அவருக்கும். "எப்பம்மா எங்களுக்குப் போர் போடுவீங்க? நான் போறதுக்குள்ளயா, போன பெறகா?" என்றார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. இவர் வாரியத்தின் குடிநீர் லாரி ஓட்டுகிறார்; அந்த வார்டுக்கும் இவர் வண்டிதான். எங்களைச் சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வது வழக்கம்: ஒருத்தி தண்ணீரைத் தேடுகிறாள், ஒருத்தர் தண்ணீரைச் சுமக்கிறார், வீட்டுக்குப் போனால் குடிக்கத் தண்ணீர் இருக்காது என்று. இப்போதெல்லாம் யாரும் கிண்டல் செய்வதில்லை. மூன்று வருஷமாக எங்களிடம் எல்லோரும் பவ்யமாகப் பேசுகிறார்கள்.

மார்ச் 11

ஸ்கேல் குதித்துக்கொண்டு வந்தார். "அக்கா, மாட்டிக்கிச்சு!"

எங்கள் திரையில் உயிருள்ள இலை சிவப்பாகத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் செயற்கைக்கோள் பிடித்துவிடுகிறது. அதற்கு நாங்கள் சிவப்பைக் கொடுத்திருக்கிறோம். மண்ணுக்கு அடியில் இருப்பதைப் பார்க்க அதற்குக் கண் கிடையாது. மேலே இருப்பதை வைத்து நாங்கள்தான் ஊகிக்க வேண்டும். எல்லாம் காய்ந்து கிடக்கும் மாதத்தில் ஓர் இடம் மட்டும் சிவந்து நின்றால், வேருக்கு அடியிலிருந்து ஏதோ குடிக்கக் கிடைக்கிறது என்று அர்த்தம். அப்படி மூன்று சிவப்பு ஒரே நேர்கோட்டில் வந்தால் கீழே பாறையில் வெடிப்பு, வெடிப்புக்குள் தண்ணீர்.

"சுத்தி எல்லாம் பொட்டல்க்கா. அந்த மூலை மட்டும் செக்கச்செவேல்னு நிக்குது, வடக்க இருக்கிற ரெண்டு செவப்போட ஒரே கோட்டுல. மயானத்துல, தென்கிழக்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சாரிக்கா."

பரவாயில்லை என்றேன். தென்கிழக்கு மூலை. மதிலை ஒட்டி.

மார்ச் 12

எல்லோரும் சாப்பிடப் போனபோது திறந்து பார்த்தேன்.

பழைய படங்களையும் வரிசையாக வைத்தேன். அவளை வைத்ததற்கு முந்தைய கோடையில் அங்கே ஒன்றுமில்லை, சாம்பல் நிறம். அடுத்த கோடையில் ஒரு புள்ளி. அதற்கடுத்த கோடையில் நாலைந்து புள்ளி. இப்போது உள்ளங்கை மாதிரி விரிந்து கிடக்கிறது.

நிலத்தடி நீர் இப்படித் திடீரென்று ஒரு வருஷத்தில் பிறக்காது. முதல் பாடமே அதுதான். இருபது வருஷம் இதே வேலை பார்த்தவளுக்கு அந்த இடத்திலேயே உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை. எனக்குத் தோன்றியது வேறு. எழுதக் கை கூசுகிறது.

அவள்தான் என்று தோன்றியது. அடியிலிருந்து அவள்தான் கையை நீட்டிக்கொண்டு வருகிறாள் என்று. ஏன்டி? ஏன் இவ்வளவு சிவப்பு? நான் வரலைன்னா நீ வருவியா?

மூடிவிட்டேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மார்ச் 13

சிக்னலில் சிவப்பு. பக்கத்து மேஜைப் பெண்ணின் நகத்தில் சிவப்பு. பேருந்தில் யாரோ ஒரு குழந்தையின் ரிப்பன். இறங்கி நடந்தே வந்தேன்.

மார்ச் 17, திங்கள்

கூட்டம். மேடத்துக்கு அந்த மூலை ரொம்பப் பிடித்துவிட்டது. பொது நிலம், யாரும் வழக்குப் போட மாட்டார்கள், லாரி போகப் பாதை இருக்கிறது. "மதில் ஓரமா எறக்குவோம். எந்தக் குழியையும் தொட மாட்டோம்" என்று என் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

பிறகு வந்தது எனக்கான பங்கு. எங்கள் ஆபீஸில் கோடு போட்டவரே அதைச் சரிபார்க்கக் கூடாது. இன்னொருவர் நேரில் போய், அந்த மண்ணில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்கேல் போட்ட கோட்டுக்கு நான்தான் போக வேண்டும். அந்தக் கட்டத்தை நானே வைத்திருந்தால் ஸ்கேல் போயிருப்பார். கட்டத்தை மாற்றிக்கொண்டு தப்பித்தேன் என்று நினைத்தேனே — எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு.

மார்ச் 19

போகாமலே கையெழுத்துப் போட்டால் யாருக்குத் தெரியும்?

சாப்பிடும்போது இவர், "என்ன, ரெண்டு மூணு நாளா கோழி கொறிக்கிற மாதிரி கொறிக்கிற?" என்றார். சொன்னேன். மயானத்து மூலையில் போர் போடப் போகிறார்கள், படத்தில் அந்த இடம் சிவந்திருக்கிறது, நான் போய்ப் பார்க்க வேண்டும் என்று.

இவர் கை தட்டிலேயே நின்றது.

"அங்க தண்ணி இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இல்லன்னா இல்ல. விடு." எழுந்து கை கழுவப் போய்விட்டார். பாதிச் சோறு அப்படியே.

நான் அவளைப் பற்றிச் சொன்னால்தான் இவர் இப்படி எழுந்து போவார். நான் பேசியது தண்ணீரைப் பற்றி.

மார்ச் 21, வெள்ளி

போனேன்.

வெயில் சாய்ந்த பிறகு ஆட்டோவில். தூரத்திலேயே மதில் ஓரமாக லாரி நிற்பது தெரிந்தது. நம்பரைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. பின்பக்கம் நசுங்கிய இடம் எனக்குத் தெரியும்.

குழாய் மதிலைத் தாண்டி உள்ளே போயிருந்தது. உள்ளே இவர், வெறுங்காலுடன், பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, மரம் மரமாகத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நெருக்கமாக வேப்பங்கன்றுகள். சில என்னைவிட உயரம். அவளுக்கு மட்டும் இல்லை, அந்த மூலையில் இருக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் ஒவ்வொன்று. கால் வைத்தேன், சேற்றில் இறங்கியது. இந்த ஊரில் சேறு என்ற ஒன்றைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று!

என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி நின்றார். குழாயைக் கீழே போடவும் தெரியவில்லை.

"கடைசி நடையில கொஞ்சம் மிஞ்சும். அதைத்தான் ஊத்தினேன். மொதல்ல அதுதான்."

"அப்புறம்?"

"அப்புறம்... மிச்சம் வைக்க ஆரம்பிச்சேன்."

ஊரே நாக்கு வறண்டு கிடக்குது, நீங்க என்னங்க பண்ணிட்டு இருக்கீங்க — கேட்க வந்தேன். அதற்குள் இவர் சொன்னார்:

"ஆஸ்பத்திரியில தண்ணி தண்ணின்னு கேட்டா. டாக்டர் குடுக்கக் கூடாதுன்னாரு, நாம குடுக்கல. பஞ்சை நனைச்சு உதட்டுல வச்சியே, ஞாபகம் இருக்கா? அதைச் சப்பினா. தினமும் வண்டியோட இந்த எடத்தைத் தாண்டித்தான் போறேன். பின்னாடி டேங்க் நெறைய தண்ணி. எப்படித் தாண்டிப் போவேன், சொல்லு?"

அவள் எங்கே என்று கேட்டேன். எனக்கு இடம் தெரியவில்லை. பெற்றவளுக்கு இடம் தெரியவில்லை. இவர் காட்டினார். நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மார்ச் 22

சிவப்புக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை, இன்னும் கூடியிருக்கிறது. அவள் கை நீட்டுகிறாள் என்று நான் நினைத்தது அவ்வளவு தப்பும் இல்லையோ?

உண்மையை எழுதினால் இவர் வேலைக்கு ஆபத்து. எழுதாவிட்டால் வெறும் பாறையில் போர் போடுவார்கள், அந்த வார்டுக்கு இந்த வருஷம் முழுக்க ஒன்றும் இல்லை. இரண்டில் ஒன்று. நடுவில் வழி இருக்கிறதா என்று காலையிலிருந்து பார்க்கிறேன். இல்லை.

மார்ச் 24, திங்கள்

போன்கார அம்மா. "லாரி வந்துச்சும்மா. எங்க சந்துக்கு வர்றதுக்குள்ள தீந்துபோச்சு. தெனமும் இதே கதை. டிரைவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், தங்கமான மனுஷன். மொகத்தைப் பாத்தாலே தெரியும், அவருக்கே சங்கடமா இருக்குன்னு."

போனை வைத்துவிட்டுப் பாத்ரூமில் போய் அழுதேன். குழாயைத் திறந்துவிட்டு அழலாம் என்று பார்த்தால், அதிலும் காற்றுதான் வந்தது.

மார்ச் 25

உண்மையை எழுதப் போகிறேன் என்று காலையில் இவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அந்த அம்மா சொன்னதையும் சொன்னேன். இவர் தரையைப் பார்த்தபடி, "சொல்லிடு" என்றார்.

சரிபார்ப்பில் எழுதினேன்: 'ஊற்றப்படும் நீர். நிலத்தடி நீர் அல்ல. குறியை நீக்கலாம்.' மேடம் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த வறட்சியில யாரும்மா இவ்வளவு ஊத்துறது?"

"என் வீட்டுக்காரர், மேடம். லாரித் தண்ணி. எங்க பொண்ணு அங்க இருக்கா."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவருக்கும் பெண் குழந்தை இருக்கிறது. "இது என் காதுல விழலன்னு என்னால இருக்க முடியாதும்மா."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சா சரி" என்றார். அதட்டலாக இல்லை.

ஏப்ரல் 2

இவரை லாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனிமேல் நீரேற்று நிலையத்தில் வால்வு திருப்புகிற வேலை. வீட்டுக்கு அனுப்பாமல் விட்டதே மேடத்தின் புண்ணியம். வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர், சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தன் அழகான கோடு போன துக்கம். இன்று தானே வந்து, அந்தச் சிவப்பு இல்லாமல், கோட்டின் மீதி இரண்டில் ஒன்றை வேறு இரண்டு சிவப்புகளோடு சேர்த்துக் காட்டினார். கோடு திரும்பிப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் பின்னால் போகிறது. நான் நேரில் போய் நின்று பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 16

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் வெள்ளைப் புழுதி, பிறகு கூழ் மாதிரி, பிறகு பீறிட்டு அடித்தது. பிள்ளைகள் சட்டையோடு நனைந்தார்கள். ஸ்கேல் நனைந்தார். நான் கைப்பைகூட நனையாத தூரத்தில் நின்றுகொண்டேன்.

மே 2

போன்கார அம்மா. புகார் ஒன்றுமில்லை, சும்மா கூப்பிட்டாராம். சந்துக் குழாயில் தண்ணீர் வருகிறதாம். "அந்த டிரைவரைத்தான் காணோம். எங்கயாச்சும் பாத்தா சொல்லுங்கம்மா, எங்களை நெனச்சு இனிமே சங்கடப்பட வேணாம்னு."

சொன்னேன். இவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மே 20

பன்னிரண்டாம் கட்டத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சிவப்பு ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வருகிறது. இவரிடம் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. ஆனால் நான் வீட்டுக்குள் நுழையும்போது ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார்.

ஜூன் 3, செவ்வாய்

நேற்று செயற்கைக்கோள் எங்கள் ஊர்மேல் போகிற நாள். இருவரும் லீவு போட்டுவிட்டு, அது தாண்டுகிற நேரத்துக்கு அங்கே இருந்தோம். எங்கள் வீட்டுப் பங்கிலிருந்து ஒரு சொம்பு கொண்டுபோயிருந்தோம், அவ்வளவுதான் முடியும். கன்றுகளில் பாதி பட்டுப்போய்விட்டன. இவர் சொம்பை என் கையில் கொடுத்தார். குனிந்து ஊற்றினேன். "குடிடா" என்றேன். வாய்விட்டு அவளிடம் பேசியது, அவள் போன பிறகு இதுதான் முதல் தடவை. ஊற்றிய கையோடு மண் இழுத்துக்கொண்டது.

இன்று காலை படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு புள்ளிக்குள் ஒரு வீடே அடங்கிவிடும். அதில் இரண்டு பேரும் ஒரு சொம்பும் எங்கே தெரியும்? மூலை முழுக்கச் சாம்பல். கோடைக் கணக்கை இன்று மாலைக்குள் முடித்தாக வேண்டும் என்று ஸ்கேல் இரண்டு தரம் வந்து நின்றார்.

பன்னிரண்டாம் கட்டம், தென்கிழக்கு மூலை. ஈரம் இல்லை என்று குறித்து அனுப்பினேன்.