பொட்டு வைத்த அமெரிக்க ஜனாதிபதி

என் கூடப்பிறந்த சுந்தரம் அண்ணாவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு வருகிற இரண்டாவது கார்த்திகை இது. சௌக்கியமா என்று உன்னைக் கேட்க முடியாது. நாங்கள் சௌக்கியம் என்று எழுதவும் முடியாது. மடுல்சீமைப் பக்கம் மழை விட்டபாடில்லை. நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலையில் மண் வெடித்திருக்கிறது அண்ணா. வெடிப்பு நாம் இருக்கிற காம்பரா அறையின் சுவரிலும் ஏறிவிட்டது, என் கை உள்ளே போகிறது. யாரிடம் சொல்லி அழுவது? உன்னிடம்தான் சொல்கிறேன். ஊரும் கேட்டுக்கொள்ளட்டும்.

எந்தச் சுவர் தெரியுமா? உன் அமெரிக்க ஜனாதிபதி தொங்குகிற சுவர். பதுளை பஜாரில் வாங்கிய பழைய புத்தகத்திலிருந்து படத்தைக் கிழித்துச் சட்டம் போட்டாயே, அந்த ஏழாவது ஜனாதிபதி. முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் மாட்டினாய். நீண்ட முகம், சிலிர்த்து நிற்கிற நரைமுடி. தோட்டத்தைத் திறந்த பழைய வெள்ளைக்காரத் துரை யாரோ என்று நினைத்து, அடுத்த வெள்ளிக்கிழமையே அம்மா அவர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய், ஆனால் திருத்தவில்லை. அம்மா இன்றைக்கும் வைக்கிறாள். பக்கத்துக் காம்பரா லெட்சுமி பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவரையும் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

அப்போது உன் கட்சி ஆட்சியில் இருந்தது. தோட்டத்தில் அந்தக் கட்சியின் தொழிற்சங்கத்துக்கு நீ தலைவர். ஆட்சியில் இருக்கிற கட்சியின் சங்கம் எதுவோ, அதன் தலைவர் சொல்தான் தோட்டத்தில் எடுபடும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். சாயங்காலம் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து நீ சொல்லுகிற கதையைக் கேட்க லயமே கூடும்.

"ஏழை வீட்டுல பொறந்த மனுசன். அவரு பதவியேத்த அன்னிக்கு சனம் மொத்தமும் மாளிகைக்குள்ள பூந்துருச்சு. சேத்துக் காலோட பட்டு நாக்காலி மேல ஏறி நின்னுச்சுங்க. ஒருத்தராலயும் தடுக்க முடியல!"

எத்தனை தடவை சொன்னாலும் அந்த இடத்தில் எங்களுக்குப் புல்லரிக்கும். நீ போன பிறகு அந்தப் புத்தகத்தின் மிச்சத்தை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்கள் பலரை நீக்கிவிட்டு அவர் தன் கட்சி ஆட்களை வைத்தாராம். எதிராளிகள் அவரை ராஜா என்று கேலி செய்து, கிரீடம் வைத்துப் படம் போட்டு, புதுக் கட்சியே கட்டினார்கள். ஜெயித்து வந்ததும் அவர்களும் அதையேதான் செய்தார்கள். அவர் வயலில் வேலை செய்தவர்கள் அடிமைகள். காலங்காலமாக அந்த மண்ணில் இருந்த பழங்குடிகளைப் பிடுங்கி மேற்கே அனுப்பச் சட்டம் போட்டதும் அவர்தான். நடந்தே போனார்களாம், குளிரில், வழியெல்லாம் செத்துச் செத்து.

இதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை அண்ணா? நம் சின்னத் தாத்தா குடும்பத்தை நீங்கள் இந்த நாட்டாரில்லை என்று இந்தியாவுக்குத் தெமோதரையில் ரயில் ஏற்றிய கதையை நீ எத்தனை மேடையில் தொண்டை கட்டப் பேசியிருப்பாய்! இது உன் கண்ணில் படாமலா போயிருக்கும்?

சரி, நடப்பைச் சொல்கிறேன். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இங்கே இருக்கக்கூடாது, உடனே எழும்புங்கள் என்றார்கள். எங்கே போக என்று கேட்டோம், ஜீப் ஏறிப் போய்விட்டார்கள். ஃபெக்டரிக்குக் கீழே புது வீடுகள் கட்டி முடித்துப் பூட்டிக் கிடக்கின்றன. இப்போது ஆட்சி மாறிவிட்டது, உன் சங்கம் செல்லாக்காசு. சாவியெல்லாம் ஆளுங்கட்சிச் சங்கத்தின் புதுத் தலைவர் முருகேசுவிடம். அதே மேட்டு லயத்து முருகேசுதான். நேற்று வேலை விட்டதும் கொழுந்துக் கூடையோடு அவன் வீட்டுக்குப் போனேன்.

மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. "வாங்கக்கா, ஒக்காருங்க" என்றான். தேத்தண்ணி கொடுத்தான். பிறகு சொன்னான். "ஒங்க சந்தாவ நம்ம சங்கத்துக்கு மாத்திருங்க. நாளைக்கே சாவி தாறேன். அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்துருங்க."

"எங்க லயத்துல மத்தவங்க?"

"அவங்கள பொறகு பாப்போம்."

"மழை பொறகு பாக்குமா தம்பி? லெட்சுமி கைப்புள்ளையோட கெடக்கிறா."

அவன் என் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தான். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "எங்கம்மா ஒழுகுற காம்பராவுல படுத்த படுக்கையா கெடந்தப்ப, கூரைத் தகரம் கேட்டு ஒங்க அண்ணங்கிட்ட வந்தேன். மொதல்ல நம்ம ஆளுங்களுக்கு, மிச்சம் இருந்தா பாப்போம்னாரு. மிச்சம் வர்றதுக்குள்ள அம்மா போயிருச்சு. நான் அண்ணன் போட்ட பாதையிலதான் போறேங்க்கா."

 உண்மையா அண்ணா? இல்லை என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் நம்பிவிடுவேன். யார் வந்து சொல்லப் போகிறார்கள்? உன் மேல் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்லை. நீ இல்லாமல் இவ்வளவு தவித்ததும் இல்லை.

சாவியை வாங்கிக்கொண்டால் அம்மா பிழைப்பாள். வாங்கினால் அப்புறம் நான் லெட்சுமி முகத்தில் எப்படி முழிப்பது? அவளிடமே போய்ச் சொன்னேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"மண்ணு சரிஞ்சா எல்லாச் சங்கமும் மம்பட்டியோட ஓடிவரும் அக்கா. அதுக்கு முன்னாடி ஒருத்தரும் வர மாட்டாங்க" என்றாள்.

உன் சாவு நாள் எனக்கு ஞாபகம் வந்தது. சாவு விழுந்தால் சங்கம் பார்க்கக்கூடாது என்பது இங்கே வழக்கமாயிற்றே. அன்றைக்குக் காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஒருவரும் போகவில்லை. எல்லாக் கொடியும் அரைக்கம்பத்தில் இறங்கியது. உன் பாடையின் முன்பக்கத்தைத் தூக்கியவன் முருகேசு. தாய்க்குத் தகரம் கொடுக்காதவனைத் தோளில் சுமந்திருக்கிறான், எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்த ஒரு நாள் ஒற்றுமைக்கு நாங்கள் இன்னும் எத்தனை பேர் சாக வேண்டும்?

அதனால் முடிவு பண்ணிவிட்டோம். நாளைக் காலை பெரட்டுக்கு மணி அடிக்கும்போது லயத்தில் உள்ள பொம்பளைகள் எல்லாரும் பானை சட்டி, பிள்ளை குட்டியோடு கீழே அந்தப் புது வீடுகளுக்கு இறங்குகிறோம். மேட்டு லயத்திலும் சொல்லியாயிற்று, முருகேசுவின் மனைவியும் வருகிறேன் என்றிருக்கிறாள். பூட்டை லெட்சுமியின் புருஷன் பார்த்துக்கொள்வான். பொலிஸ் வரலாம், வேலையும் போகலாம். பயமாகத்தான் இருக்கிறது அண்ணா.

அம்மா சாமிப் படங்களைச் சேலையில் சுற்றிவிட்டாள். உன் ஜனாதிபதியையும் சேர்த்துத்தான். "தொரைய உட்டுட்டு நான் வரமாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். வரட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் யார் என்பதை, மண் சரியாத ஓர் இடத்தில் உட்காரவைத்து அம்மாவுக்கு முழுசாகச் சொல்வேன். நீ யார் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். நீ சொன்ன அந்தச் சனத்தைப் போலவே நாளைக்குச் சேற்றுக் காலோடு உள்ளே போவோம். வாசலில் நான்தான் நிற்பேன். எங்களுக்குப் பின்னால் யார் நனைந்துகொண்டு வந்தாலும், எந்தச் சங்கம் என்று கேட்கமாட்டேன்.

நீ தூக்கி வளர்த்தவள்,
உன் தங்கச்சி ராணி