தூர மேய்ச்சலுக்குப் போன அக்காவுக்கு

இன்று இன்டர்லாக்கன் பேருந்தில், மழையில் நனைந்த கம்பளிக் கோட்டோடு ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஈரக் கம்பளியின் அந்த மணம் எழுந்ததும் திரும்பிப் பார்த்தேன், அக்கா. நீங்கள் இல்லை என்று தெரிந்தும் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் இருவரும் இங்கே சுவிஸில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வேலை செய்தோம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவள். நீங்கள் கசகஸ்தானில் செம்மறி மேய்த்தவர். சுவிஸ்காரரை மணந்த மகளோடு இருக்க வந்திருந்தீர்கள். நமக்குப் பொதுவாக இருந்தது உடைந்த ஜெர்மன்தான். ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் எனக்குள் என் ஊர்த் தமிழிலேயே கேட்கிறது.

ஒரு லீவு நாளில் உங்களை மலைக்குக் கூட்டிப்போனேன். மேய்கிற மாடுகளைப் பார்த்ததும் உங்கள் முகம் மாறிவிட்டது. குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கிக் கடித்தீர்கள்.

"இவையள் இன்னும் மாடுகளோட கோடைக்கு மேல ஏறுகினம். நாங்கள் விட்டிட்டம்."

சோவியத் காலத்து அரசுப் பண்ணை கலைந்த கதையை அன்றுதான் சொன்னீர்கள். சம்பளத்துக்குப் பதிலாக ஆடுகளைக் கொடுத்தார்களாம். அவை மாவுக்கும் நிலக்கரிக்கும் போயின. தூர மேய்ச்சலுக்கு மந்தைகளை ஏற்றிப்போன லொறிகள் ஓடாமல் நின்றுபோயின. தூரத்துக் கிணறுகளின் பம்புகளை யாரோ கழற்றி விற்றார்கள். மிஞ்சிய ஆடுகள் வருடம் முழுக்க ஊரைச் சுற்றியே மேய, நிலம் புழுதியாகிவிட்டது.

"தூரத்தில புல் இடுப்பளவு நிக்குது. அதைத் தின்ன ஒரு வாய் இல்லை. கனவிலயும் அதுதான் வருது பிள்ளை."

"அதுக்கு என்னக்கா செய்யிறது?"

"ஆடுகளை நடத்திக்கொண்டு போகலாம்."

"அவ்வளவு தூரமோ? உங்களுக்கென்ன விசரோ?" என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் பனி கரையத் தொடங்கியதும் ஊருக்குப் போய்விட்டீர்கள். இலையுதிர் காலத்தில் உங்கள் மகள் சலவை அறை வாசலில் வந்து நின்றார். இயந்திரங்களின் இரைச்சலில் முதலில் எனக்கு விளங்கவில்லை.

"அம்மா ஆடுகளோட அந்தத் தூரப் புல்லுக்குப் போய்ச் சேர்ந்திட்டா. ஆடுகள் நல்லாக் கொழுத்து, தாங்களாவே ஊருக்குத் திரும்பி வந்திட்டுதுகள். அம்மா வரேல்லை."

முதல் பனி அந்த முறை வழக்கத்துக்கு முந்திக் கொட்டிவிட்டதாம்; நீங்கள் அதில் அகப்பட்டுவிட்டீர்கள். தேடிப் போனவர்கள் உங்களை அங்கேயே அடக்கம் செய்தார்கள். மறுவருடம் இரண்டு குடும்பங்கள் தங்கள் ஆடுகளோடு அதே வழியில் நடந்தனவாம். கேட்டபோது சந்தோஷப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

இப்போது துன் ஏரிப் பக்கம் போகும்போது, வெட்டாமல் உயர்ந்து நிற்கிற புல்லைக் கண்டால் பிள்ளைகள் "வடிவா இருக்கு, அம்மா" என்கிறார்கள். ஓம் என்கிறேன். ஆனால் அது எனக்கு அழகாகத் தெரிவதில்லை, அக்கா. யாரோ வந்திருக்க வேண்டிய இடமாகத்தான் தெரிகிறது. ஒரு மந்தை நடந்து வருவதுபோல் காற்றில் புல் பிளந்து அசையும். காற்றுத்தான். என்றாலும் அது அடங்கும்வரை நின்றுவிட்டுத்தான் நடக்கிறேன்.